உத்தரியக் கயிற்றில் ஒரு பென்டிரைவ்

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்த இடத்திலும் எதையும் விட்டுவைக்காதவள். பெயரை மட்டும் இங்கே விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் என் கடை. முதலில் எஸ்டிடி பூத். பிறகு ஜெராக்ஸ். அதற்குப் பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டேன். பூத் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் எனக்கு எஸ்டிடி அக்கா என்றுதான் பேர். நான் படித்தது ஐந்தாவது. கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது சுவிட்சு போடுவதும் துணி போர்த்துவதும்தான். மீதியெல்லாம் அவள்.

விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வருவாள். வந்ததும் உட்கார மாட்டாள். செருப்பை வாசலில் விடமாட்டாள். கையில் எடுத்து வந்து மேசைக்கு அடியில் தன் காலுக்குப் பக்கத்திலேயே வைப்பாள். பிறகு மிஷினுக்கு முன்னால் நின்று, கழுத்திலிருந்து ஒரு பழுப்புக் கயிற்றை வெளியே இழுப்பாள். அதில் உத்தரியம் இருக்கும். மாதா படம் தைத்த சின்னத் துணி, வேதக்காரக் கிறிஸ்தவர்கள் போட்டுக்கொள்வது. அதே கயிற்றில் ஒரு பென்டிரைவும் தொங்கும். உத்தரியத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பென்டிரைவைக் கழற்றிச் சொருகுவாள். யார் முழங்கையும் இடித்துவிடாமல் ஒரு பக்கம் அறுத்த சோப்பு டப்பாவை அதன் மேல் மூடுவாள். அதற்குப் பிறகுதான் சுவிட்சு.

திரை வெளிச்சமாகும்வரை அவள் மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

"ஏந்திரிச்சிடுச்சிக்கா."

தினமும் இதைச் சொல்வாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வாள். நான் "சரி" என்பேன். அப்புறம்தான் டீ வரும். டீயும் அவள் கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரில்தான். குடித்ததும் கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள்.

பென்டிரைவில் பாட்டு வைத்திருப்பார்கள், போட்டோ வைத்திருப்பார்கள். இவள் கம்ப்யூட்டரையே வைத்திருந்தாள். எனக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டேன்.

"மிஷினு உங்களுதுக்கா. மேசை உங்களுது, கரண்டு உங்களுது. உள்ள ஓடறது மட்டும் என்னுது. மொத்தச் சிஸ்டத்தையும் இதுலதான் போட்டு வச்சிருக்கேன்."

"டீக்கடைப் பையன்கூட ஏதோ பென்டிரைவுல சிஸ்டம் போட்டேன்னு சொல்லிக்கினு இருந்தானே."

"அது சும்மா ஓட்டிப் பாக்கறது. அணைச்சா எல்லாத்தையும் மறந்துடும். இது முழுசா இன்ஸ்டால் பண்ணது. எங்க விட்டனோ அங்கருந்து நாளைக்கி ஆரம்பிக்கும். எந்த ஊர்ல, எந்த மிஷின்ல சொருகினாலும் என் மேசை அப்படியே வரும்."

"இது தொலஞ்சா?"

அவள் கை கழுத்துக்குப் போனது. பென்டிரைவ் மிஷினில் இருந்தது. கயிற்றில் உத்தரியம் மட்டும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அவள் செய்த வேலை நோட்டீஸ் போடுவது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, மாதா கோவில் தேர். அதிகமாக வருவது கண்ணீர் அஞ்சலி. வீட்டில் சாவு விழுந்ததும் ஒருவர் போட்டோவோடு ஓடி வருவார். கல்யாணத்தில் எடுத்த படமாக இருக்கும். பக்கத்தில் நாலு பேர் நிற்பார்கள். அந்த ஒருவரை மட்டும் வெட்டி எடுத்து, கசங்கின சட்டையைச் சரிசெய்து, பின்னால் நீல வானம் வைப்பாள். அடுத்த வருஷம் அதே வீட்டார் வருவார்கள். "போன வருஷம் போட்டீங்களேம்மா, அதே படம்" என்பார்கள். அவள் எடுத்துக் கொடுப்பாள். அசல் படம் அவர்கள் வீட்டிலேயே இருக்காது. இவளிடம் இருக்கும்.

இந்த ஊரில் செத்துப்போனவர்களின் முகமெல்லாம் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெயில் காலத்தில் அது சூடாகும். டப்பாவைத் தூக்கிப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். சூடு அதிகமென்றால் டேபிள் பேனை மிஷின் பக்கம் திருப்பிவிடுவாள். எங்கள் இருவர் முகத்திலும் வேர்வை வழியும். பேன் அதற்கு ஓடும்.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் செய்வதைப் பார்க்க வேண்டும். சீப்பு, டம்ளர், குடை, ஊக்கு, தைலம், நாற்காலியில் போட்ட துண்டு. ஒவ்வொன்றாகப் பையில் போடுவாள். மேசை இழுப்பறையைத் திறந்து பார்ப்பாள். காலியாகத்தான் இருக்கும். மறுபடியும் திறந்து பார்ப்பாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்ப்பாள்.

"நாளைக்கி வரத்தான போற. குடைய வச்சிட்டுப் போயேம்மா. நான் இன்னா தின்னுடுவனா?"

"இருக்கட்டும்க்கா."

குடையும் பைக்குள் போகும்.

இப்படிப்பட்டவள் ஒரு தப்புப் பண்ணினாள். அவள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு அது.

என் கடைக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை. பழைய பென்டிரைவ் சின்னது என்று பெரியது வாங்கி வந்து, என் மிஷினில் வைத்து, சிஸ்டத்தை அதில் புதிதாகப் போட்டாள். முடிந்தது. ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் ஞாயிறு. யாரோ ஹால்டிக்கெட் பிரிண்டு எடுக்க வந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரை. மேலே ஒரு வரி இங்கிலீஷ். ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டேன். அதேதான்.

போன் செய்தேன். மாதா கோவில் பூசைக்குக் கட்டின பட்டுப் புடவையோடு பஸ் பிடித்து வந்தாள். பென்டிரைவைச் சொருகினாள். மிஷின் எழுந்தது. கழற்றினாள், அணைத்துப் போட்டாள். கறுப்பு. சொருகினாள். எழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா ஆச்சி?"

"பெரிய தப்பு நடந்துபோச்சிக்கா. வண்டி கெளப்பறதுக்கு முதல்ல ஒரு துண்டு இருக்கும். அது என் பென்டிரைவுல உக்காந்திருக்கணும். பாக்காம உங்க மிஷினோட டிஸ்க்குல உக்கார வச்சிட்டேன். இப்ப உங்க மிஷினு ஏந்திரிக்கறப்பல்லாம் என் பென்டிரைவத் தேடுது. அது இல்லன்னா ஏந்திரிக்க மாட்டேங்குது."

"சரி, எடுத்துடேன்."

"எடுத்துடலாம்."

என் மிஷின் கெட்டதற்காக அவள் பயப்படவில்லை. தன்னுடையது ஒன்று இங்கே மாட்டிக்கொண்டதற்காகத்தான் பயந்தாள். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

எடுத்துடலாம் என்றாளே தவிர எடுக்கவில்லை. அடுத்த வாரம் என்றாள். தேர் முடியட்டும் என்றாள். கை வைத்தால் இருக்கிறதும் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது என்றாள். நானும் அவசரப்படுத்தவில்லை. அவள் வரும்போது மிஷின் எழுந்திருக்கும், போகும்போது படுத்துவிடும். கடைக்கு அது போதும்.

ஒருநாள் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் சிரிப்பது அபூர்வம்.

"என்னிக்கி இந்த மிஷினு தானா ஏந்திரிக்குதோ, அன்னிக்கி நான் வரமாட்டேன்னு தெரிஞ்சிக்கோங்க."

எதிர்ப் பக்கத்து டீக்கடைக்காரருக்கு விஷயம் தெரிந்துபோனது. பாசஞ்சர் லேட்டாகிற நாளெல்லாம் சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து கத்துவார்.

"இன்னா எஸ்டிடி அக்கா, கடைச் சாவி இன்னும் ரயிலுலதான் வந்துக்கினு இருக்குதா?"

"ஒன் பாய்லர முதல்ல பாரு."

"என் பாய்லரு தீக்குச்சி போட்டாப் பத்திக்கும். உன் கம்ப்யூட்டரு மாதா வந்தாத்தான் ஏந்திரிக்குது!"

நான் சிரிப்பேன். உள்ளே சிரிப்பு இருக்காது. வாசலில் ஆள் நிற்கும். சாவு வீட்டு ஆள். ரயிலடிப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். தூரத்தில் அவள் தலை தெரிந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு தடவை சொந்தக்காரர் கல்யாணத்துக்காக விழுப்புரம் போனேன். சாயங்கால ரயிலில் அவளோடுதான் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வறுத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கிக் கொடுத்தேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி வரைக்கும் பேசிக்கொண்டு வந்தாள். முண்டியம்பாக்கம் வரப்போகிறது என்றதும் ஜன்னல் கதவைக் கீழே இறக்கிவிட்டாள். நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

"ஏம்மா?"

"கொஞ்ச நேரம்க்கா."

வண்டி நின்றது. அவள் தலையைக் குனிந்து முந்தானையை இழுத்துக்கொண்டாள். வண்டி கிளம்பிய பிறகுதான் கதவைத் தூக்கினாள். தூக்கிவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள்.

விழுப்புரத்தில் முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்திருக்கிறாள். நல்ல இடம்தான். ஒரு நாள் காலையில் போனால் ஷட்டரில் வேறு பூட்டு தொங்குகிறது. முதலாளி இல்லை. யாரோ வந்து பூட்டினார்கள் என்றார்கள். கோர்ட்டு என்றார்கள். அவள் செய்த வேலையெல்லாம் உள்ளே. சர்ட்டிபிகேட் உள்ளே.

"ஷட்டர் ஓரத்துல சந்து இருக்கும்க்கா. கண்ண வச்சிப் பாத்தா என் மேசை தெரியும். என் டம்ளரு மேசை மேலயே இருந்துச்சி. பாக்கலாம். எடுக்க முடியாது."

"டம்ளரு போனாப் போவுது."

"டம்ளருக்காகச் சொல்லல."

முண்டியம்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா. கழனி வேலை செய்கிறவர். மகன் இறந்துபோய், காரியப் பத்திரிகைக்காக அவன் படத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரே படம். பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து பிய்த்தது. ஸ்கேன் பண்ணி, அசலை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். மறுநாள் தருகிறேன் என்று அனுப்பியிருக்கிறாள். மறுநாள்தான் அந்தப் பூட்டு.

"தெனமும் வந்தாங்கக்கா. ஷட்டர் முன்னாடி உக்காந்துக்கினு, எம்புள்ள மூஞ்சியக் குடுத்துடும்மா, வேற ஒன்னும் வேணாம்னாங்க. சந்துல காட்டுனேன். கண்ணாடிக்கு அடியில இருக்குது பாருங்கன்னு. அவங்க கண்ணுக்குத் தெரியல. எனக்கும் தெரியல. தெரியுதுன்னு சொன்னேன்."

"அப்புறம் தொறக்கலியா?"

"தொறந்தப்ப உள்ள ஒன்னும் இல்ல. அள்ளிக்கினு போயிட்டாங்க."

விழுப்புரம் வந்துவிட்டது. இறங்குமுன் இருக்கையைத் தடவிப் பார்த்தாள். மல்லாட்டைத் தோல்கூட விடவில்லை. அள்ளிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நாளுக்குப் பிறகு குடையை வைத்துவிட்டுப் போ என்று நான் சொன்னதில்லை.

பென்டிரைவுக்கு உடம்புக்கு வந்தது அடுத்த கோடையில். முதலில் நேற்றுச் செய்த நோட்டீஸ் இன்று காணோம் என்றாள். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு மிஷின் எழுந்திருக்க நேரமானது. ஒருநாள் மதியம், வருஷ நினைவு நாள் நோட்டீசுக்கு வந்த ஒரு வீட்டாருக்கு அவர்கள் அப்பா படத்தைத் திறந்தாள். படம் வந்தது. தேதியை மாற்றிச் சேவ் போட்டாள். ஏறவில்லை. மறுபடி போட்டாள். ஏறவில்லை.

"எழுத மாட்டேங்குதுக்கா. படிக்க மட்டும்தான் வுடுது."

"அப்படின்னா?"

"சாவப்போவுது. தெனமும் இத்தினி ஓட்டம் ஓட்டுனா இது எத்தினி நாளைக்கித் தாங்கும். இது இவ்ளோத்துக்குப் பண்ணது இல்ல."

நோட்டீசுக்கு வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று எழுந்துகொண்டார்கள். நான் பக்கத்துக் கடைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தேன். இரண்டாக வாங்கினேன். ஏன் இரண்டு என்று எனக்கே தெரியாது.

ஷட்டரை முழுசாக இறக்கினேன். பழையதிலிருந்து புதியதுக்கு அவள் எல்லாவற்றையும் அப்படியே மாற்ற ஆரம்பித்தாள். திரையில் ஒரு எண் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பேனைப் பழைய பென்டிரைவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ஆள் வந்து ஷட்டரைத் தட்டினால், "மிஷினு ரிப்பேரு" என்று குரல் கொடுத்தேன். பாதியில் கரண்டு போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பேட்டரி பழசு. எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அவள் மானிட்டரை அணைத்தாள்.

"கரண்ட மிச்சம் பண்ணுவோம். உள்ள ஓடிக்கினுதான் இருக்கும்."

இருட்டில் உட்கார்ந்திருந்தோம். யுபிஎஸ் கத்தியது. அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மாதாவிடம் என்ன கேட்டாளோ. நான் மயிலம் முருகனைக் கேட்டேன்.

கரண்டு வந்தது. மானிட்டரைப் போட்டாள். எண் முழுசாகியிருந்தது. புதியதைச் சொருகி எழுப்பினாள். எழுந்தது. முகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கிழவர்கள், கிழவிகள், மோட்டார் சைக்கிள் பையன்கள், ஒரு கைக்குழந்தை. எல்லாரும் இருந்தார்கள். இரண்டாவதிலும் அதேபோல் ஏற்றினாள்.

பழையதை ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டாள். புதியதில் ஒன்றைக் கயிற்றில் கோத்தாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டையும் கழுத்துல போட்டா ரெண்டும் சேந்தே தொலையும்க்கா."

"ஆமா."

"வீட்டுல வக்கலாம். வாடகை வீடு."

"ஆமா."

"ஒன்னு எங்கயாவது இருக்கணும். எங்கூட இல்லாத எடத்துல."

"எங்கிட்ட குடு."

அதை முந்தானையில் துடைத்தாள். பிறகு நீட்டினாள். நான் கை நீட்டியதும் மூடிக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

"அவசரம்னா இதச் சொருகுங்கக்கா. மிஷினு ஏந்திரிக்கும். நான் வந்துதான் ஆவணும்னு இல்ல."

கல்லாப்பெட்டி டிராயரில், விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். காய்ச்சலில் அவள் ஒரு வாரம் வரவில்லை. அப்போதும் நான் அதைச் சொருகவில்லை. ஜெராக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் கேட்டார். மிஷின் தூங்கட்டும் என்றேன்.

அப்புறம் கட்டடக்காரர், என்னிடம் கடை வாடகை வாங்குகிறவர், வந்தார். அவள் மேசையில் இருந்தபோதே வந்தார்.

"பாரும்மா, எம்பையன் செல்போன் கடை வக்கப் போறான். எடத்தக் காலி பண்ணிக் குடுத்துடு."

"திடுதிப்புனு சொன்னா எங்கங்க போறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீயா காலி பண்ணா மரியாத. இல்லன்னா ஒருநாள் வந்து என் பூட்ட மாட்டிக்கினு போயிக்கினே இருப்பேன்."

இப்படி அவர் முன்பும் பேசியிருக்கிறார். வாய்தான் பெரிது. அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். கீபோர்டில் கை அசையவில்லை.

அன்றிலிருந்து அவள் வேறு மாதிரி வந்தாள். ரயிலடியிலிருந்து வரும்போது தலையைத் தூக்கி முதலில் ஷட்டரைத்தான் பார்ப்பாள். திறந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் ரோட்டைத் தாண்டுவாள். ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் திரும்புவாள். வேலைக்காக யார் படம் கொடுத்தாலும் அப்போதே ஸ்கேன் பண்ணி அப்போதே கையில் திணித்துவிடுவாள்.

"பூட்டு போட்டுடுவாரா அக்கா?"

"போடமாட்டாரு."

மறுநாளும் கேட்பாள். நானும் அதையே சொல்வேன். ஒருநாள் என் குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வேலை முடிந்தும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் திரையில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்தாள். டம்ளர், சீப்பு, குடை, தைலம், துண்டு. இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். ஒரு தடவைதான் பார்த்தாள். செருப்பை எடுத்துக்கொண்டாள்.

"வர்றேன்க்கா."

"ரயிலு இருக்குதா?"

"இருக்குது."

மறுநாள் பாசஞ்சர் வந்து போனது. அவள் வரவில்லை. வாசலில் ஒருவர் கையில் போட்டோவோடு நின்றார். மதியத்துக்குள் எடுத்துவிடுவார்கள், அதற்குள் வேண்டும் என்றார். போன் செய்தேன். அணைத்திருந்தது. வேறு வழியில்லாமல் டிராயரைத் திறந்து அந்தப் பென்டிரைவை எடுத்தேன். இடது கையில் அதை வைத்துக்கொண்டு, வலது கையால் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சொருகக் குனிந்தேன்.

சொருகவில்லை. அதற்குள் திரை வெளிச்சமானது. பழைய, ஆதியில் இருந்த படம், பச்சை மலை, வந்து நின்றது.

போட்டோவோடு நின்றவர், "ஏந்திரிச்சிடுச்சிங்க" என்றார்.

என் மிஷினில் மாட்டியிருந்த தன் துண்டை நேற்றே எடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். பென்டிரைவைக் கையில் மூடிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கட்டடக்காரர் பூட்டுப் போடவில்லை. அவர் பையனுக்கு வெளிநாட்டு விசா வந்துவிட்டது. செல்போன் கடைப் பேச்சே நின்றுபோனது. அந்தச் சேதியை அவளிடம் சொல்லலாம் என்று விழுப்புரம் போனேன். அவள் வீட்டில் வேறு ஆள் இருந்தார்கள். சுவரில் ஆணிகூட இல்லை என்று அந்தப் பெண் சொன்னாள்.

பல மாதம் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு போன்.

"அக்கா." அவள்தான். "கடை?"

"தொறந்துதான் இருக்குது."

"பூட்டு?"

"போடலம்மா. இனிமே போடமாட்டாரு."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"மிஷினு ஏந்திரிக்குதா?"

"ஏந்திரிக்குது. வேற ஒரு பொண்ணு வருது. நீ எங்க இருக்க?"

"எங்க இருந்தா இன்னாக்கா. எல்லாம் எங்கூடத்தான் இருக்குது."

"எல்லாம் இல்ல. ஒன்னு இங்க டிராயருல இருக்குது."

"தெரியும்க்கா."

"வந்து எடுத்துக்கினு போறியா?"

"இருக்கட்டும். அது மறந்துட்டு வந்தது இல்ல."

வைத்துவிட்டாள். அந்த எண்ணுக்குத் திரும்பப் போட்டேன். யாரோ கடைக்காரர் எடுத்தார். போன் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள் என்றார்.

பென்டிரைவ் என்னிடம்தான் இருக்கிறது. சொருகிப் பார்த்ததில்லை. பகலில் டிராயரில் இருக்கும். கடை மூடும்போது எடுத்துச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிறேன். வாசல் வரை போய், சுருக்குப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குகிறேன். நாளைக் காலையில் யார் பூட்டுத் தொங்கினாலும் அது உள்ளே இருக்காது.